நெல்லுக்கு ஒரு லேன்

வீதிச் சட்டத்தைக் காதலித்த மனிதர் இந்தத் தீவிலேயே ஒருவர்தான். அவர் கல்குடாவுக்குத் திரும்பும் எங்கள் சந்தியில் இருந்தார். சொந்தப் பெயர் யாருக்கும் தெரியாது. லேன் மாமா என்றால் தெரியும். ஓட்டியதென்னவோ ஒரு பழைய சைக்கிள்தான். சந்தியில் திரும்புவதற்கு, வெகு தூரத்திலுள்ள பள்ளிக்கூடம் வரும்போதே கையை நீட்டிவிடுவார். எதிரே வந்த சம்பந்தி கும்பிட்டபோதும் அந்தக் கை மடங்கவில்லை. அந்தக் கோபம் சம்பந்தி வீட்டில் இன்னும் தீரவில்லை.

பெரிய வீதிகளில் லேன் மாறுவதற்கும், வேலை நடக்கும் இடங்களைக் கடப்பதற்கும் புதுச் சட்டம் வரப்போகிறது என்று பத்திரிகையில் வந்ததிலிருந்து மாமாவுக்குக் கால் தரையில் பாவவில்லை. பூமணி அக்காவின் தேத்தண்ணிக் கடையில் காலையும் மாலையும் விவாதம். சட்டத்தின் பக்கம் மாமா ஒருவர், எதிர்ப்பக்கம் மற்ற எல்லோரும். எதிர்க்கட்சித் தலைவி பூமணி அக்கா.

"லேன் வாகனம் ஓடுறதுக்கு. அதில நெல்லுக் காயப்போடுறது குற்றம்!" என்பார் மாமா.

"அப்ப எங்க காயப்போடுற? உங்கட வழுக்கைத் தலையிலயா? அங்கயும் ஒரு மரக்காலுக்கு மேல கொள்ளாது, அண்ணன்."

அக்கா சொன்னதிலும் நியாயம் இருந்தது. பெரும்போக வெள்ளாமை வெட்டினால் எங்கள் பக்கத்தில் பாதி வீதி நெல்லுக்குத்தான். அந்த முறை அக்கா தன் விளைச்சல் முழுவதையும் கடைக்கு எதிரே தாரில் பரப்பியிருந்தார். நனைந்தால் முளைத்துவிடும்; பிறகு மில்காரர் திரும்பியும் பார்க்கமாட்டார்.

ஒருநாள் பின்னேரம் பொலிஸ்காரர் ஒருவர் மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினார். "உடன அள்ளுங்க, பாதையை மறிக்க ஏலா" என்றார். அக்கா ஊற்றிய தேத்தண்ணியை அப்படியே வைத்துவிட்டு வெளியே ஓடிவந்தார்.

"சேர் சொல்றது சரி" என்று மாமா எழும்பினார். எனக்கு அவரை அடிக்கலாம் போல இருந்தது. அந்த நேரம் பார்த்து வாவிப் பக்கம் மழை இருட்டியது. ஒருத்தியாக அள்ளி முடிகிற நெல்லா அது?

மாமா அக்காவின் முகத்தைப் பார்த்தார். கடைக்குள் கொடியில் கிடந்த சிவப்புத் துவாயை உருவிக்கொண்டு நடுவீதியில் போய் நின்றார். ஓட்டமாவடிப் பக்கமிருந்து வந்த பஸ் கிரீச்சிட்டு நின்றது.

"இஞ்ச வேலை நடக்குது! முடியும் மட்டும் ஒருத்தரும் போகப்படா. கெதியாப் போகணுமெண்டா இறங்கி அள்ளுங்க!"

முதலில் திட்டினார்கள், பிறகு இறங்கினார்கள். கண்டக்டர் சாக்குப் பிடித்தார். நான் அள்ளினேன். பொலிஸ்காரரும் தொப்பியைக் கழற்றி வைத்துவிட்டுக் குனிந்தார். கடைசி மூடை கடைக்குள் ஏறவும் மழை கொட்டவும் சரியாக இருந்தது. அக்கா அழுதுகொண்டே எல்லோருக்கும் தேத்தண்ணி ஊற்றினார்.

மாமா மட்டும் குடிக்கவில்லை. நனைந்த துவாயோடு பொலிஸ்காரர் முன்னால் போய் நின்றார்.

"பஸ்ஸ மறிச்சது குற்றம், சேர். என்ட பேர எழுதுங்க."

"அதெல்லாம் வேணாம் ஐயா, போங்க."

"என்னண்டு வேணாம்? சட்டம் எல்லாருக்கும் ஒண்டுதானே!"

பொலிஸ்காரர் மழையிலேயே மோட்டார் சைக்கிளைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டார். மறுநாள் மாமா வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு பொலிஸ் நிலையத்துக்கே போனார். அங்கேயும் தேத்தண்ணி கொடுத்து அனுப்பிவிட்டார்களாம். "நாட்டில சட்டம் செத்துப்போச்சு" என்று ஒரு கிழமை ஒருவரோடும் பேசவில்லை.

புதுச் சட்டம் வரட்டும், வராமல் போகட்டும். அந்த மனிதர் குறுக்கே நின்று கையைக் காட்டினால், எந்த அவசரத்திலும் நான் இறங்கி நிற்பேன்.