மூன்றாவது கேள்விக்குப் பிறகு எதிர்த்துப் பேசவும்

அடுத்தவர் வாங்கிய காரைப் பார்த்துப் பொறாமைப்படுகிறவர்களிடம் எனக்கு மரியாதை உண்டு. அவர்கள் பொறாமைப்பட ஒரு காராவது இருக்கிறது. நான் பொறாமைப்பட்டது வெறும் சத்தத்தைக் கேட்டு. பிளைவுட் தடுப்புக்கு அந்தப் பக்கம், ஞாயிற்றுக்கிழமை காலையில், அதுவும் கணக்கு வகுப்பில், பிள்ளைகள் சிரிக்கிற சத்தம்.

ஆவடி சேக்காட்டில் ஒரு சின்ன அறக்கட்டளை ஞாயிறுதோறும் பள்ளிப் பிள்ளைகளுக்கு இலவச வகுப்பு நடத்துகிறது. ஒரே கூடம், நடுவில் தடுப்பு. இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் என் அத்தை மகள் மலர். நான் பொறியியல் படித்துவிட்டு அம்பத்தூரில் மென்பொருளைச் சோதிக்கும் வேலையில் இருக்கிறேன். ஒரு செயலி எங்கே சொதப்பும் என்று முன்கூட்டியே கண்டுபிடிப்பதுதான் என் தொழில். மலர் பி.காம். அதிலும் ஒரு பேப்பர் அரியர். (இந்தத் தகவல் கட்டுரைக்குத் தேவையே இல்லை. இருந்தாலும் இருக்கட்டும்.)

என் வகுப்பில் லேப்டாப், ஸ்லைடு, வரிசையாக நாற்காலி. தண்ணீர் குடிக்க வேண்டுமென்றால் கை தூக்க வேண்டும். மலரின் வகுப்பில் பாய் மட்டும்தான். வட்டமாக உட்கார்ந்திருப்பார்கள். அதில் டீச்சர் யார் என்று தேடித்தான் பிடிக்க வேண்டும்.

நான் விகிதப் பாடத்தை நான்கு வண்ணங்களில் நடத்திய அதே மாதம், அவள் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு தண்ணீர் லாரியின் பின்னால் போனாள். எந்தத் தெருவில் எத்தனை வீடு, எத்தனை குடம், முன்தெருவுக்கு மட்டும் ஏன் அதிகம்? அதுதான் அவளுடைய விகிதப் பாடம். பிள்ளைகள் அந்தக் கணக்கோடு வார்டு அலுவலகத்துக்கே போய் நியாயம் கேட்டார்கள். கொஞ்ச நாளில் லாரி பின்தெருவிலிருந்து ஆரம்பித்தது. எங்கள் வீடு இருப்பது முன்தெருவில். ஆக, அவள் பாடம் நடத்தினாள், என் வீட்டில் தண்ணீர் குறைந்தது. இதற்கு மேல் பொறாமைப்பட ஒருத்திக்கு என்ன காரணம் வேண்டும்?

ஆபீஸ் இடைவேளைகளில் படித்துப் பார்த்தேன். இதற்கு விமர்சனக் கல்விமுறை என்று பெயராம். ஆசிரியர் சொல்வதை அப்படியே வாங்கி வைத்துக்கொள்வது கல்வி அல்ல, தான் வாழும் தெருவைப் பார்த்து ‘ஏன் இப்படி, யாருக்காக இப்படி’ என்று கேட்கப் பழகுவதுதான் கல்வி என்கிறது. அந்தக் கேள்வி ஆசிரியர் மீதே பாய்ந்தாலும் வாங்கிக்கொள்ள வேண்டுமாம். மலரிடம் சொன்னேன்.

“ஐய, இதுக்குப் பேரெல்லாம் இருக்கா? நான் சும்மா புள்ளைங்களோட பேசிட்டிருந்தேன்டி” என்றாள்.

பெயர்கூடத் தெரியாமல் ஒருத்தி ஒரு காரியத்தை நன்றாகச் செய்தால் வருகிற வயிற்றெரிச்சலுக்கு மெடிக்கல் ஷாப்பில் மருந்து கிடையாது.

அந்த வாரமே என் வகுப்பின் முதல் மாணவி ரேஷ்மா பக்கத்தில் வந்து நின்றாள். “மிஸ், நான் அந்தாண்ட போவட்டா?”

“ஏன், இங்க என்ன குறை?”

“குறை ஒண்ணியும் இல்ல மிஸ். அங்க ஜாலியா கீது.”

போதாததற்கு, இரண்டு வகுப்பையும் ஒன்றாக்கி நடத்த மாடியில் புதுக்கூடம் கட்டி முடித்திருந்தார்கள். அறக்கட்டளைத் தலைவி, ஓய்வு பெற்ற தலைமை ஆசிரியை, இரண்டு வகுப்புகளையும் வந்து பார்ப்பார். யாருடைய முறை பிடிக்கிறதோ அவரே புதுக்கூடத்துக்குப் பொறுப்பாளர். இன்னொருவர் அவருக்கு உதவியாளர். மலருக்கு நான் உதவியாளர்! (நினைத்த மாத்திரத்தில் கையிலிருந்த காபி கசந்தது.)

முடிவு செய்தேன். என் வகுப்பிலும் பிள்ளைகள் சுதந்திரமாகக் கேள்வி கேட்பார்கள். அதற்கு முறையாகப் பயிற்சி கொடுத்துவிட வேண்டியதுதான்.

தலைப்பு, ஏரியில் சேரும் குப்பை. யார், எந்த வரிசையில், என்ன கேட்பது என்று எல்லாவற்றையும் பட்டியல் போட்டேன். ஒவ்வொரு கேள்விக்கும் ஒரு எண், அதற்கு நேராக வர வேண்டிய பதில். நிஜம் போலத் தெரிவதற்காக ஒரு தப்பான பதிலையும் சேர்த்தேன். ஆசிரியரை எதிர்த்துப் பேசுவதுதான் இந்த முறையின் உச்சம் என்பதால் அந்தப் பொறுப்பை ரேஷ்மாவிடம் கொடுத்தேன்.

“நீ எழுந்து என்னை எதிர்த்துப் பேசணும்.”

“எப்ப மிஸ்?”

“மூணாவது கேள்விக்கு அப்புறம். ‘இதை நான் ஒத்துக்க மாட்டேன்’னு சத்தமா சொல்லணும்.”

“நெசமாவே ஒத்துக்கினா இன்னா பண்றது மிஸ்?”

“ஒத்துக்கக் கூடாது. நான் சொல்றேன் இல்ல?”

உடனே பின்வரிசை சூர்யா சிரிக்க வேண்டும். இயல்பாக. (அதற்கு மட்டும் தனியாகப் பயிற்சி நடந்தது.) ஒத்திகையில் ஒரு பையன் கேட்ட கேள்வியை ரேஷ்மா எண்ணாமல் விட்டதால் எதிர்ப்பு தாமதமானது. நான் அந்தக் கோளாறைத் திருத்தினேன். “யார் கேட்டாலும் கேள்வி கேள்விதான். எண்ணிக்கோ.”

அந்த ஞாயிற்றுக்கிழமை தலைவி சொன்ன நேரத்துக்கு வரவில்லை. பிள்ளைகள் நெளிந்தார்கள். சரியென்று ஆரம்பித்துவிட்டேன். முதல் கேள்வி முடிந்தது, இரண்டாவதும் முடிந்தது. அப்போது தலைவி உள்ளே வந்தார். எல்லோரும் எழுந்து வணக்கம் சொன்னோம். அவர் முன்வரிசையில் ரேஷ்மாவின் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து, அவள் தலையைத் தடவி, அன்போடு கேட்டார்.

“உன் பேரு என்னம்மா?”

ரேஷ்மா விறைப்பாக எழுந்து நின்றாள்.

“இதை நான் ஒத்துக்க மாட்டேன்!”

பின்வரிசையில் சூர்யா சிரித்தான். இயல்பாக.

தலைவி தடவிய கையை மெதுவாக எடுத்துக்கொண்டார். “எதைம்மா ஒத்துக்க மாட்ட?”

“தெர்ல மேடம். மூணாவது கேள்விக்கு அப்பால எதிர்த்துப் பேச சொன்னாங்க மிஸ். நீங்க கேட்டதுதான் மூணாவது.”

தடுப்புக்கு அந்தப் பக்கம் மொத்த வகுப்பும் சிரித்தது. தடுப்புக்கு மேலே மலரின் தலை எழும்பியது. (கீழே நாற்காலி போட்டு ஏறியிருக்கிறாள். அவ்வளவு ஆசை!)

தலைவி சிரிக்கவில்லை. “சரி, நிஜமாவே உன்னால ஒத்துக்க முடியாதது ஏதாவது இருக்கா?” என்றார்.

ரேஷ்மா என்னைப் பார்த்தாள். “சொல்லட்டா மிஸ்? இது நீங்க குடுத்தது இல்ல.”

தலையாட்டினேன். வேறு வழி?

“தண்ணி குடிக்கறதுக்குக் கை தூக்கணுமாம் மேடம். தாகம் எனக்குத்தான எடுக்குது? மிஸ்கிட்ட இன்னாத்துக்குப் பர்மிசன்? அவங்க மட்டும் கேக்காமயே பாட்டில தொறந்து குடிக்கிறாங்க.”

“நல்ல கேள்வி” என்று தலைவி என் பக்கம் திரும்பினார். “பதில் சொல்லுங்க டீச்சர்.”

எனக்குத் தாகம் எடுத்தது. பாட்டிலை எடுக்கப் போன கை பாதியில் நின்றது. எல்லாக் கேள்விக்கும் பதில் தயாரித்திருந்த எனக்கு, என் வகுப்பில் கேட்கப்பட்ட முதல் நிஜமான கேள்விக்குப் பதில் இல்லை. “தெரியல மேடம்” என்றேன். நான்கு வண்ண ஸ்லைடுக்குக் கிடைக்காத கைதட்டலைப் பிள்ளைகள் அதற்குத் தட்டினார்கள்.

இரண்டு வகுப்பும் மாடியில் ஒன்றாயின, நடுவில் தடுப்பு இல்லை. மாடிக்கூடத்துக்கு மலர் பொறுப்பாளர், நான் உதவியாளர். பாய் விரிப்பது, ஸ்கேல் கொடுப்பது, வட்டத்தில் ஒருத்தியாக உட்காருவது என் வேலைகள். ரேஷ்மா என் பக்கத்தில்தான் உட்காருகிறாள். இப்போது அவள் என்னை எதிர்க்க எண்ணிக்கை எதுவும் தேவைப்படுவதில்லை.

போன தையில் பூந்தமல்லியிலிருந்து என்னைப் பெண் பார்க்க வந்தார்கள். பையனின் அம்மா முதலில் படிப்பைக் கேட்டார். அடுத்து, சாம்பார் வைக்கத் தெரியுமா என்றார். பிறகு பஜ்ஜியை எடுத்தபடி, “கல்யாணத்துக்கு அப்புறம் வேலைய விட்டுடுவ இல்லம்மா?” என்றார். சமையலறை வாசலில் நின்ற மலர், சத்தமில்லாமல் மூன்று விரல்களைக் காட்டினாள்.

“இதை நான் ஒத்துக்க மாட்டேன்” என்றேன்.

ரேஷ்மா கதை ஏற்கெனவே தெரிந்த எங்கள் வீட்டு ஆட்கள் அத்தனை பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். வந்தவர்கள் எதற்கென்று புரியாமல் காபியைக் குடித்துவிட்டுப் போனார்கள், திரும்பி வரவில்லை. இன்றும் வீட்டுக்கு யார் வந்தாலும் அம்மா இந்தக் கதையைச் சொல்லாமல் அனுப்புவதில்லை. முடிக்கும்போது பெருமையாக ஒரு வரி சேர்ப்பாள்: “எல்லாம் நம்ம மலர் கிளாஸ்ல கத்துக்கிட்டது!”

நான் அங்கே மாணவி இல்லை, உதவியாளர் என்று ஒவ்வொரு முறையும் திருத்துகிறேன். யாரும் காதில் போட்டுக்கொள்வதில்லை.