பூச்சியத்தில் நூற்றுக்கு ஒரு பங்கு

பேசாலைக் கடற்கரைக்கு அலைதடுப்பு அணை ஒன்று வேண்டும் என்ற விண்ணப்பத்தைப் பரிவுடன் பரிசீலிக்க அரசாங்கம் திருவுளம் கொண்டது. வாடைக்காற்றுக் காலத்தில் நங்கூரமிட்ட வள்ளங்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி நொறுங்குவதால் மீனவர் சங்கம் கேட்ட அணை அது. சங்கச் செயலாளர் பெற்றிசியாவின் வீட்டு வள்ளம் சென்ற வாடையில்தான் இரண்டாகப் பிளந்தது. புதியது இப்போது கரையோரம் மிதக்கிறது. அடுத்த வாடைக்குள் அணை எழாவிட்டால் அதற்கும் அதே கதிதான்.

அளவெடுக்க வந்த கரையோரத் திணைக்களப் பணிப்பாளர் சிவரூபனுக்குப் பந்தல் போட்டார்கள். பந்தல் பறந்தால் ஊருக்கு அவமானமல்லவா? ஆகவே, காற்று அசையாத காலையொன்றைப் பெற்றிசியாவே தெரிந்தெடுத்திருந்தாள். பணிப்பாளர் சோடா அருந்தி, கருவியை உயர்த்திப் பிடித்து, "காற்றின் வேகம் பூச்சியம்" என்று பதிந்துகொண்டு விடைபெற்றார்.

சில வாரங்களின் பின் பெற்றிசியா பணிப்பாளரின் மன்னார்க் கந்தோருக்கு அழைக்கப்பட்டாள். அங்கே கணினிக்குள் பேசாலைக் கடல் மிக ஒழுக்கமாகக் கிடந்தது.

"இது உணர்திறன் பகுப்பாய்வு. இப்ப வெளிநாடெல்லாம் இதுதான்," என்றார் பணிப்பாளர். "மற்றதெல்லாத்தையும் அப்பிடியே வைச்சுக்கொண்டு, ஒண்டை மட்டும் நூற்றுக்கு ஒரு பங்கு கூட்டிப் பாக்கிறது. வள்ளச் சேதம் மாறினால் அது முக்கியம். மாறாட்டில் தேவையில்லை."

"காத்தைக் கூட்டிப் பாத்தனீங்களோ, சேர்?"

"பாத்தனாங்கள். பூச்சியத்தில நூற்றுக்கு ஒரு பங்கு பூச்சியம். சேதம் மாறேல்லை. காத்துக்கும் வள்ளத்துக்கும் சம்பந்தமில்லை."

"அப்ப அணை?"

"இப்ப எவ்வளவு நீளத்துக்கு அணை கிடக்கு?"

"ஒண்டுமில்லை. அதுக்குத்தானே கேக்கிறம்!"

"அதையும் நூற்றுக்கு ஒரு பங்கு நீட்டிப் பாத்தம், பிள்ளை. மாறேல்லை."

"வாடைக்கு ஒருக்கா வந்து அளந்து பாருங்கோவன்."

"அண்டைக்கு அளந்த அடிப்படைப் பெறுமானம் ஒப்பமிட்டு முடிஞ்சுது. அதை மாத்த வாடைக்கு அதிகாரமில்லை."

"அப்ப எதுதான் சேதத்தை மாத்துது?"

பணிப்பாளரின் முகம் மலர்ந்தது. "வள்ளங்கள்! காத்தில்லாட்டிலும் ஒண்டோடை ஒண்டு உரசிப் பெயின்ற் போகுதெல்லோ? வள்ளத்தைக் குறைச்சால் சேதமும் குறையுது. அறவே இல்லாட்டில் அறவே சேதமில்லை."

இவ்வாறாக, மீனவரின் நலன் கருதி அவர்களுடைய வள்ளங்களில் ஒரு பகுதியை அப்புறப்படுத்தும் திட்டம் வெளியாயிற்று.

சங்கம் கொதித்தெழுந்தது. கந்தோரை முற்றுகையிட ஏகமனதாகத் தீர்மானித்தது. குறித்த காலையில் பெற்றிசியா பஸ் தரிப்பில் நின்றாள். கைத்தொலைபேசி அடித்தது.

"அக்கா, ஊரே போகுதுதானே, நான் ஒராள் வராட்டில் என்ன குறையப்போகுது?" என்றான் சங்க உறுப்பினன் டினேஷ். சிங்கராசா அண்ணனும் அதையே சொன்னார். டிலோஜினியும் அதையே சொன்னாள். மற்றவர்கள் அழைக்கும் சிரமத்தையும் எடுக்கவில்லை.

தனியே வந்தவளைப் பணிப்பாளர் கதிரை போட்டு வரவேற்றார். "எங்கை கூட்டம்?"

"தான் ஒராள் வராட்டில் ஒண்டும் மாறாதெண்டு ஒவ்வொருத்தரும் நிண்டிட்டினம்."

"பாத்தீங்களே! மற்ற எல்லாரையும் அப்பிடியே வைச்சுக்கொண்டு, ஒராளை மட்டும் குறைச்சுப் பாத்திருக்கினம். எங்கடை முறையை ஊரே ஏற்றுக்கொண்டிட்டுது!"

உடனே அறிக்கையில் 'மக்களாலும் மெய்ப்பிக்கப்பட்டது' என்று எழுதுவித்து, கீழே சங்கத்தின் சார்பில் ஒப்பமிடுமாறு பேனையை நீட்டினார். பெற்றிசியா பல்லைக் கடித்தாள். ஆனால், பேசாலை பஸ் புறப்படும் நேரமாகிவிட்டது. தன் ஒருத்தியின் ஒப்பத்தால் என்ன மாறிவிடப் போகிறது என்று அவளும் ஒப்பம் வைத்தாள்.