கீழே இறங்கும் ஆயில்

வண்டியின் ஆயில் டேங்க் மறுபடியும் காலி. போன ஞாயிற்றுக்கிழமைதான் கழுத்து வரை ஊற்றியிருந்தார் நூலகர். டார்ச் அடித்துப் பார்த்தால் அடித்தகடு பல்லைக் காட்டிச் சிரித்தது.

அவருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வாரத்தில் ஆறு நாளும் நூலகத்தில் "உஷ்" என்று சொல்லியே காலம் தள்ளுகிற மனிதர். அவருக்கென்று இருந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமையும், அவருக்கு முன்பே பிறந்துவிட்ட இந்த மோட்டார் சைக்கிளும்தான். வண்டி ஓடினால் தெருவே அதிரும். அன்று அவர் வாயே திறக்க மாட்டார். ஓடாத நாளில் வண்டிக்கும் சேர்த்து அவரே அதிர்வார்.

"தரையில ஒரு சொட்டு இல்ல! பின்ன எங்கதான் போச்சு?"

"என்னைக் கேட்டா?" என்றாள் மனைவி, மாடிப்படியில் நின்றபடி. "நானா எடுத்துக் குடிச்சேன்?"

மெக்கானிக்குக்குப் போன் போட்டார். பழைய எஞ்சின்களின் குடலைக் கண்டவர் அந்த மெக்கானிக். ஆனால் ஒரு வார்த்தை கூடுதலாகப் பேசினால் ஆயுசு குறைந்துவிடும் என்று நினைப்பவர்.

"காலியா? கீழ இறங்கியிருக்கும் சார்."

"கீழயா?"

"கீழதான். இந்த மாதிரி வண்டியை நிறுத்தி வெச்சா அப்படித்தான். கீழ பாருங்க, மொத்தமும் இருக்கும்."

மெக்கானிக் போனை வைத்துவிட்டார்.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். நூலகர் மாடியில் குடியிருக்கிறார். அவர் குடும்பத்தில் "கீழ" என்றால் ஒரே அர்த்தம்தான்: தரைத்தளத்தில் இருக்கும் வீட்டுக்காரர். "மெதுவாப் பேசுங்க, கீழ கேக்கும்." "துணி காயப்போடக் கூடாதுன்னு கீழ சொல்லிட்டாங்க." வண்டி நிற்பதும் வீட்டுக்காரரின் ஷெட்டில்தான், அவருடைய ஸ்கூட்டருக்குப் பக்கத்தில்.

நூலகர் கீழ் வீட்டுக் கதவைத் தட்டவில்லை, இடித்தார்.

"ஷெட்டுக்கு ரெண்டு சாவி. ஒண்ணு என்கிட்ட. இன்னொண்ணு யார்கிட்ட?"

"என்கிட்ட," என்றார் வீட்டுக்காரர், வாயில் பிரஷ்ஷோடு. "அதுக்கென்ன இப்போ?"

"என் ஆயிலை எங்க வெச்சிருக்கீங்க?"

"உங்க ஆயிலா? அந்தக் கறுப்புத் தண்ணியை எடுத்து நான் என்ன தலைக்கா தடவிக்கப் போறேன்?"

"விஷயம் தெரிஞ்சவங்க சொல்லிட்டாங்க. மொத்தமும் கீழதான் இருக்காம்!"

"எவன் சொன்னான்? சத்தியமாச் சொல்றேன், உங்க ஆயில்ல ஒரு சொட்டு தொட்டதில்ல!"

அந்தக் குரலில் கலப்படமே இல்லை. அதுதான் நூலகருக்கு இன்னும் எரிச்சலைக் கிளப்பியது. திருடனுக்கு இவ்வளவு சுத்தமான குரல் எதற்கு?

விறுவிறுவென்று ஷெட்டுக்குப் போனார். புது டின்னை உடைத்து டேங்க் வழிய வழிய ஊற்றினார். வீட்டுக்காரர் மேல் இருந்த கோபத்தையெல்லாம் காலில் இறக்கிக் கிக்கரை உதைத்தார். வண்டி தும்மக்கூட இல்லை. மறுபடி உதைத்தார். எஞ்சினின் பக்கவாட்டுக் குழாயிலிருந்து ஆயில் பீய்ச்சிக்கொண்டு கிளம்பியது. ஷெட் வாசலைத் தாண்டி, கொடியில் காய்ந்த வீட்டுக்காரரின் வெள்ளைச் சட்டைகளில் போய் விழுந்தது.

வீட்டுக்காரர் பிரஷ்ஷை வீசிவிட்டு ஓடி வந்தார்.

"திருடன்னு சொன்னது பத்தாதுன்னு ஆயில்லயே குளிப்பாட்டுறீங்களா? கூப்பிடுங்க அந்த மெக்கானிக்கை! நான்தான் எடுத்தேன்னு என் மூஞ்சிக்கு நேரா சொல்லட்டும். இல்லன்னா மன்னிப்புக் கேட்டுட்டு, இன்னிக்கே வண்டியை ஷெட்டை விட்டு எடுத்துடணும்!"

நூலகர் வண்டியைப் பார்த்தார், மாடிப்படியைப் பார்த்தார். வண்டியை மாடிக்கு ஏற்ற முடியாது. தெருவில் விட்டால் சக்கரம்கூட மிஞ்சாது. ஷெட் போனால் வண்டி போச்சு. வண்டி போனால் வாரத்தில் ஏழு நாளும் "உஷ்"தான். ஆனாலும் கோபம் விடவில்லை. "வரட்டும்! வந்து சொல்லட்டும்!" என்று கத்தினார்.

மெக்கானிக் வந்தார். யாரையும் எதுவும் கேட்கவில்லை. எஞ்சினுக்கு அடியில் ஒரு பேசினை வைத்து போல்ட்டைத் திருகினார். ஆயில் கொட்டியது. பேசின் நிரம்பியது. மனைவி ஓடிப்போய் வாளி கொண்டுவந்தாள். அதுவும் நிரம்பியது. பாத்திரம் நிரம்ப நிரம்ப வீட்டுக்காரரின் முகம் மலர்ந்துகொண்டே போனது.

"பம்ப் தேஞ்சு போச்சு சார். வண்டி சும்மா நின்னா டேங்க்ல இருக்கிறது கசிஞ்சு எஞ்சின் அடியில இறங்கிடும். அது தெரியாம நீங்க மேல மேல ஊத்தியிருக்கீங்க. கீழ பாருங்கன்னு சொன்னேனே?"

"நீங்க சொன்னது... இந்தக் கீழயா?"

"வேற எந்தக் கீழ?"

"எஞ்சினுக்கு அடியிலன்னு முழுசாச் சொன்னா என்ன, வாய் தேஞ்சா போயிடும்?" என்று எரிந்து விழுந்தார் நூலகர்.

வீட்டுக்காரர் தொண்டையைக் கனைத்தார். நூலகர் பல்லைக் கடித்துக்கொண்டு திரும்பினார்.

"மன்னிச்சிடுங்க."

"கேக்கல. இது என்ன உங்க லைப்ரரியா? திருடன்னு கத்தினப்போ தெருவுக்கே கேட்டுச்சு இல்ல?"

"மன்னிச்சிடுங்க!" பக்கத்து வீட்டு ஜன்னல்கள் திறந்தன. நூலகரின் காதுமடல் வரை சிவந்துவிட்டது.

"ம்ம். அடுத்தவன் பொருள்ல கை வைக்கிற பரம்பரை இல்ல சார் நாங்க. சரி, வண்டியைக் கிளப்புங்க. கேட்டை நானே திறந்து விடுறேன்."

மெக்கானிக் அளவாக ஆயில் ஊற்றி, குழாயைத் துடைத்து, கிக்கரை உதைத்தார். அசையவில்லை. பிளக்கைக் கழற்றிப் பார்த்தார்; பொறி நன்றாகவே வந்தது. பெட்ரோல் டேங்க் மூடியைத் திறந்து வண்டியை ஆட்டினார். உள்ளே சத்தமே இல்லை.

"பெட்ரோல் இல்லியே சார்."

"நேத்து சாயந்திரம்தானே கேன்ல வாங்கிட்டு வந்து டேங்க் ஃபுல்லா ஊத்தினேன்!" நூலகர் அலறினார். "அதுவும் கீழ இறங்கிடுச்சா?"

மெக்கானிக் தரையைப் பார்த்தார். பக்கத்து ஸ்கூட்டரின் முன்பெட்டியிலிருந்து எட்டிப்பார்த்த ரப்பர் குழாயை உருவி முகர்ந்தார். கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்ற வீட்டுக்காரருக்கு அடுப்பில் பால் வைத்தது திடீரென்று ஞாபகம் வந்தது; உள்ளே ஓடினார்.

"ஆயில்தான் சார் எஞ்சினுக்குக் கீழ இறங்கும்," என்றார் மெக்கானிக். "பெட்ரோல் கீழ் வீட்டுக்குத்தான் இறங்கும்."