ராட்சசன் குகையில் என் பலகை

புணே, சதாசிவப் பேட்டை
மே 22, திங்கள்

சாங்லியில் எழுந்தருளியிருக்கும் சம்பந்தி தத்தோபந்த் பெண்ட்சே அவர்களின் சமூகத்துக்கு, த்ரியம்பக் நரஹரி லிமயே அநேக நமஸ்காரங்களுடன் எழுதிக்கொண்டது.

இங்கு நான் நலம், என் மகள் மேதா நலம். அங்கு தாங்களும் சம்பந்தியம்மாளும் தங்கள் கரும்புத் தோட்டமும் மஞ்சள் மூட்டைகளும் நலமாக இருக்க கணபதி அருள் புரியட்டும். உங்கள் புதல்வர் நிரஞ்சனின் நலத்தை மட்டும் ஒரு வரியில் எழுத முடியவில்லை. அதற்குத்தான் இந்தக் கடிதம். தொலைபேசியில் சொல்லியிருக்கலாம். ஆனால் நான் விஷயத்துக்கு வரும் நேரம் பார்த்துத் தாங்கள் தோட்டத்துக்குப் போய்விடுவதாகச் சம்பந்தியம்மாள் சொல்லிவிடுகிறார்கள். கடிதத்தை விட்டுவிட்டுத் தோட்டத்துக்குப் போனாலும் திரும்பி வரும்போது அது அங்கேயே இருக்கும்.

கூட்டுறவு சர்க்கரை ஆலையில் எழுத்தர் வேலைக்கான நியமன உத்தரவைத் தாங்கள் என் பெயருக்குப் பதிவுத் தபாலில் அனுப்பியது கிடைத்தது. உங்கள் புதல்வரிடம் கையெழுத்து வாங்கி முப்பத்தொன்றாம் தேதிக்குள் அனுப்பச் சொல்லியிருந்தீர்கள். பெற்ற தகப்பன் போட்ட நான்கு கடிதங்களுக்குப் பதில் போடாதவர், பெண்ணைக் கொடுத்தவன் நீட்டிய காகிதத்தில் கையெழுத்துப் போடுவாரா? ஆனால் மேதா ஒரு தீர்ப்புச் சொல்லியிருந்தாள். "இந்த லீவுல இந்த நாடகம் ஓடலைன்னா மூட்டையைக் கட்டு, சாங்லிக்குப் போயிடலாம். ஓடிச்சுன்னா அந்தப் பேச்சையே யாரும் எடுக்கக் கூடாது. பாபா, உங்களுக்கும் சேர்த்துத்தான் சொல்றேன்." உங்கள் புதல்வர் தலையாட்டினார். நானும் ஆட்டினேன். நாடகம் ஓடாது என்பதில் எனக்கு எள்ளளவும் சந்தேகம் இருக்கவில்லை.

உங்கள் புதல்வர் என்ன வேலை செய்கிறார் என்று சாங்லியில் யாராவது கேட்டால் தாங்கள் "நாடகத்துறை" என்று சொல்லிக்கொள்வதாகக் கேள்வி. துறையாவது மண்ணாவது. குழந்தைகள் நாடகம். போன வருஷம் முயல். அதற்கு முந்தைய வருஷம் பூசணிக்காய். பூசணிக்காயின் மனசைப் புரிந்துகொள்ள வேண்டும் என்று மூன்று நாள் என் கூடத்தில் மஞ்சள் போர்வையைச் சுற்றிக்கொண்டு அசையாமல் கிடந்தார். மின்கட்டணம் வசூலிக்க வந்தவர் தாண்டிப் போனார். உங்கள் புதல்வருக்கு முப்பத்தொரு வயது, வணிகவியல் பட்டதாரி. இந்த வருஷம் பதவி உயர்வு: ராட்சசன். பெயர் கப்பாசுரன். ஊர்க் குழந்தைகளின் விளையாட்டுச் சாமான்களையெல்லாம் பிடுங்கிக் குகையில் வைத்துக்கொள்கிறானாம். ஓர் ஆட்டுக்காரச் சிறுமி போய் மீட்டு வருகிறாளாம். கதை அவ்வளவுதான். இதற்கு இரண்டு கொம்பும் ஒரு கரகரப்பும் போதாதா? போதாதாம். நாடகத்தை நடத்தும் பிரபாகர் ஜோக் என்கிற தாடிக்காரர் என் வீட்டு நாற்காலியில் உட்கார்ந்து, என் வீட்டுத் தேநீரைக் குடித்துவிட்டு, "நிரஞ்சன், இவன் ஏன் ராட்சசன் ஆனான்? அதைக் கண்டுபிடி. நீ நம்பலைன்னா குழந்தைங்க நம்பாது. பெரியவங்கள ஏமாத்திடலாம், அதுகள ஏமாத்த முடியாது" என்றார். உடனே உங்கள் புதல்வர் ஒரு நோட்டு வாங்கி ராட்சசனின் பால்யத்தை நாற்பது பக்கம் எழுதினார். படித்துப் பார்த்தேன். கப்பாசுரனுக்குச் சின்ன வயதில் யாரும் பட்டம் விடச் சொல்லித் தரவில்லையாம். எனக்கும்தான் சொல்லித் தரவில்லை. நான் எடை அளவு ஆய்வாளராகி முப்பத்து மூன்று வருஷம் கள்ளத் தராசுகளைப் பறிமுதல் செய்து கௌரவமாக ஓய்வு பெறவில்லையா?

பிறகு கரடி வந்தது. ராட்சசனின் நடை கரடியிடம் இருக்கிறது என்று தினமும் காத்ரஜ் மிருகக் காட்சி சாலைக்குப் போய்க் கூண்டுக்கு முன்னால் நின்றார். இரண்டு வாரத்தில் கரடிக்கு அலுத்துவிட்டது போலும், இவர் போனாலே முதுகைக் காட்டிக்கொண்டு படுத்துவிடுகிறதாம். இதையும் பெருமையாகச் சொன்னார். வீட்டில் கரடி மாதிரியே நடந்து போய்க் கதவைத் திறந்ததில் பால்காரர் மறுநாளிலிருந்து பாலைப் படியிலேயே வைத்துவிட்டுப் போகிறார். பூனை குடித்தது போக மிச்சம் எங்களுக்கு. ஏப்ரல் கடைசியில் ஒரு பள்ளிக்கூடத்தில் இந்தக் கரடி ராட்சசனை ஒத்திகை பார்த்தார்கள். இவர் உறுமிக்கொண்டு வந்ததும் முன்வரிசைக் குழந்தை எழுந்து ஒரு பிஸ்கட்டை நீட்டியதாம். வீட்டுக்கு வந்து சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தார். "கரடின்னா அதுகளுக்குப் பிடிக்குது மேதா. எதுக்குப் பயப்படணும்னு அதுகளுக்கு நல்லாத் தெரியும். எனக்குத்தான் தெரியல" என்றார். அன்றைக்கே நியமன உத்தரவை எடுத்து நீட்டியிருப்பேன். ஜோக் இன்னும் மூன்று வாரம் தவணை கொடுத்துத் தொலைத்தார்.

சம்பந்தி, இனிமேல்தான் கவனமாகப் படிக்க வேண்டும். மறுநாளிலிருந்து உங்கள் புதல்வருக்கு என்மேல் திடீரென்று மரியாதை வந்துவிட்டது. காலை நடைக்குக் கூடவே வந்தார், பையைத் தூக்கினார், குடையைத் தூக்கினார். வளர்ப்பு என்றைக்காவது வெளியே வரத்தானே செய்யும் என்று உங்களைக்கூட நல்லபடியாக நினைத்தேன். எங்கள் கட்டடத்துப் பிள்ளைகள் முற்றத்தில் கிரிக்கெட் ஆடுவதும், பந்து என் ஜன்னலுக்கு வருவதும், நான் அதைப் பறிமுதல் செய்வதும் தங்களுக்குத் தெரியும். ஒவ்வொரு பந்திலும் சீட்டு ஒட்டியிருக்கிறேன்: யாருடையது, என்ன தேதி, எந்த ஜன்னல். எல்லாம் பீரோவில் பத்திரம். உங்கள் புதல்வர் கேட்டார், "பாபா, பந்தை எடுக்கும்போது எந்தக் கையால எடுப்பீங்க?" இடது கையால், வலது கையில் குடை என்றேன். "அப்ப மனசுல என்ன தோணும்?" நியாயம் தோன்றும் என்றேன். "எடுத்துட்டு உள்ள வந்தப்புறம்?" ஒன்றும் தோன்றாது, பீரோவைப் பூட்டுவேன் என்றேன். அதையும் எழுதிக்கொண்டார். பீரோவைத் திறந்துகூடக் காட்டினேன். சாவி கணபதி படத்துக்குப் பின்னால் இருப்பதையும் நானே காட்டிக்கொடுத்தேன். முப்பத்து மூன்று வருஷ உத்தியோகத்தில் ஒரு வியாபாரிகூட என்னை இப்படி ஏமாற்றியதில்லை.

நேற்று ஞாயிறு காலை பதினொன்றரைக்கு முதல் காட்சி. ஆறாவது வரிசை, பன்னிரண்டாம் எண். நாடகம் கவிழ்வதைக் கண்ணால் பார்த்துவிட்டு, அப்படியே உத்தரவில் கையெழுத்து வாங்கிவிடலாம் என்று அதைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டுதான் போனேன். எங்கள் கட்டடத்துப் பிள்ளைகள் பன்னிரண்டு பேரையும் மேதா மூன்றாவது வரிசையில் உட்கார்த்தி வைத்திருந்தாள். மூன்றாவது மணி அடித்தது, தேங்காய் உடைத்தார்கள், திரை எழுந்தது. குகை. குகை வாசலில் ஒரு பலகை. "பகல் ஒன்று முதல் நான்கு வரை மணி அடிக்கக் கூடாது. அடித்தாலும் கதவு திறக்காது. திறந்தால் வருத்தப்படப்போவது நீங்கள்."

என் பலகை. என் வாசலில் இருபது வருஷமாகத் தொங்கும் பலகை, அதே எழுத்து, அதே சாய்வு! சரி, சதாசிவப் பேட்டையில் வீட்டுக்கு வீடு பலகைதான், பொதுவாகச் சொல்கிறார்கள் என்று பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். உள்ளேயிருந்து முதலில் ஓர் இருமல் வந்தது. பிறகு ஒரு குடை வந்தது. பிறகு உங்கள் புதல்வர் வந்தார். கொம்பு இல்லை, உறுமல் இல்லை. வெள்ளைச் சட்டை, மூக்கு நுனியில் கண்ணாடி, என்னுடைய நடை. ஆயிரம் பேர் கொள்ளும் அரங்கில் மூச்சுச் சத்தம்கூட இல்லை. குழந்தைகள் அப்படிப் பயந்து நான் பார்த்ததில்லை. இல்லை, பார்த்திருக்கிறேன், தினமும் சாயங்காலம் முற்றத்தில் பார்க்கிறேன். என்ன காரணத்துக்காகவென்று நேற்றுத்தான் எதிர்ப்பக்கத்திலிருந்து பார்க்க நேர்ந்தது. பக்கத்து நாற்காலி அம்மாள் வேறு, "ஐயோ, எங்க வீட்டு ஓனர் மாதிரியே இருக்கான்" என்று என்னிடமே சொன்னாள்.

"எவன்டா என் தூக்கத்தைக் கெடுத்தது?" என்று ராட்சசன் அரங்கைப் பார்த்துக் கேட்டான். மூன்றாவது வரிசையில் ஒரு நாற்காலி மேல் கார்கி ஏறி நின்றாள். எங்கள் மாடி ராஜ்வாடேயின் பெண், ஏழு வயது, மூன்று பந்துகள், எல்லாம் சமையலறை ஜன்னல். "நாங்கதான்! முதல்ல எங்க பந்தைக் குடுங்க தாத்தா!" என்று கத்தினாள். ராட்சசனைத் தாத்தா என்று கூப்பிட்டால் என்ன அர்த்தம்? உங்கள் புதல்வர் குகைக்குள் போய் ஒரு சாக்கைத் தூக்கி வந்து கவிழ்த்தார். முப்பத்தேழு பந்துகள். ஒவ்வொன்றிலும் என் சீட்டு. மேடையிலிருந்து உருண்டு முதல் வரிசைக் கால்களுக்குள் போகின்றன, பன்னிரண்டு பேரும் பாய்கிறார்கள், நான் எப்போது எழுந்தேன் என்று எனக்கே தெரியாது. குடையைத் தூக்கி, "யாரும் தொடக் கூடாது! அதெல்லாம் பறிமுதல் பண்ணின பொருள்! தேதி போட்டு வெச்சிருக்கேன்!" என்று கத்திவிட்டு இருமினேன். அதே நொடி மேடையிலும் குடை உயர்ந்து அதே இருமல் கேட்டது. ஆயிரம் தலைகள் என்னைப் பார்த்தன, அங்கே பார்த்தன, மறுபடி என்னைப் பார்த்தன. உங்கள் புதல்வர் முகம் ஒரு கணம் வெளுத்ததைப் பார்த்தேன். பிறகு குடையைக் கீழே வைத்தார், கைகளைக் கூப்பினார், "பெரியண்ணா! பாதாளத்துலேருந்து எப்ப வந்தீங்க? சாப்பிட்டீங்களா?" என்றார்.

கூரை பிய்த்துக்கொண்டு போகிற மாதிரி ஒரு சிரிப்பு. நான் பொருளை மீட்கத்தான் மேடை ஏறினேன், சம்பந்தி, வேறு எதற்கும் இல்லை. ஏறினால் பிள்ளைகள் என்னைச் சூழ்ந்துகொண்டார்கள். முற்றத்தில் என்னைக் கண்டால் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் ஒளிகிறவர்கள், என் வேட்டியைப் பிடித்து இழுக்கிறார்கள். கார்கி ஒரு பந்தை என் மூக்குக்கு நேரே நீட்டி, "இது என்னோடது. உங்க எழுத்துலயே போட்டிருக்கு, படிங்க" என்றாள். படித்தேன். சரியாகத்தான் இருந்தது. உரியவர் நேரில் வந்து அடையாளம் காட்டினால் திருப்பித் தருவதுதான் விதி; நான் விதியை மீறினவன் அல்ல. மேடைப் படியில் உட்கார்ந்து, கண்ணாடியை மாட்டிக்கொண்டு, ஒவ்வொரு சீட்டாகப் படித்து, ஒவ்வொருவருக்கும் எச்சரிக்கை சொல்லித் திருப்பிக் கொடுத்தேன். இருபது நிமிஷம் ஆயிற்று. அதுவரை நாடகம் காத்திருந்தது. ஆட்டுக்காரச் சிறுமிக்கு வேலையே இல்லாமல் போய் ஓரமாக நின்றாள். பறிமுதல் செய்ததைத் திருப்பித் தந்தபோது என் உத்தியோகக் காலத்தில் ஒருவரும் நன்றி சொன்னதில்லை. நேற்றுப் பன்னிரண்டு பேரும் சொன்னார்கள். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தேன், தூசி.

திரை விழுந்ததும் ஜோக் ஒரு தட்டில் உருளைக்கிழங்கு வடையோடு ஓடி வந்தார். "லிமயே சாஹேப், அடுத்த ஞாயிறும் அதே சீட்ல உக்காந்து அதே மாதிரி எழுந்திருச்சுடுங்களேன்!" நான் நடிகன் இல்லை என்றேன். "அதான் வேணும்" என்றார். மேதா ஓர் ஓரத்தில் அழுதுகொண்டே சிரித்துக்கொண்டிருந்தாள். அவள் அம்மா போன பின் அவள் அப்படிச் சிரித்து நான் பார்க்கவில்லை. உங்கள் புதல்வர் என் காலில் விழுந்து, "பாபா, கோவமா?" என்றார். கோபம்தான் என்றேன். "மன்னிச்சிடுங்க. ஆனா நீங்க பந்தையெல்லாம் தூக்கிப் போடாம வெச்சிருந்தீங்க பாருங்க, அங்கதான் எனக்கு அந்த ராட்சசன் கிடைச்சான்" என்றார். வடையைத் தின்றேன். உப்புக் குறைவு.

ஆகவே சம்பந்தி, தாங்கள் உடனே புறப்பட்டு வந்து உங்கள் புதல்வரைக் காதைப் பிடித்து அழைத்துப் போக வேண்டியது. மேதாவின் தீர்ப்பையும் பிடிவாதத்தையும் தாங்களே கவனித்துக்கொள்ளுங்கள். என்னைப் பற்றிக் கவலை வேண்டாம். எனக்கு மட்டும் சமைத்துக்கொள்ள எனக்குத் தெரியும். மேதா விடுதியில் தங்கிப் படித்த இரண்டு வருஷம் அப்படித்தான் இருந்தேன். அந்த இரண்டு வருஷத்தைப் பற்றி எழுத ஒன்றும் இல்லை.

சம்பந்தியம்மாளுக்கு என் நமஸ்காரம். வீட்டுச் சிறியவர்களுக்கு ஆசிகள். மழை நல்லபடி பெய்து மஞ்சளுக்கு விலை ஏறட்டும்.

இப்படிக்கு,
த்ரியம்பக் நரஹரி லிமயே

பின்குறிப்பு: மேலே கண்டபடி உடனே புறப்பட வேண்டாம். அடுத்த ஞாயிறு காட்சிக்கு இன்றே டிக்கெட் தீர்ந்துவிட்டதாம், ஜூன் முழுக்கக் கேட்கிறார்களாம். நான் நடிக்கப் போகவில்லை, ஆட்சேபிக்கப் போகிறேன். அந்தக் கூட்டத்தில் நடிக்காத ஒரே ஆள் நான்தான். தவிர, என் மாப்பிள்ளைக்கு என் இருமல் சரியாக வரவில்லை. முதலில் இரண்டு சின்னது, பிறகு ஒரு பெரியது. இவர் மூன்றையும் ஒரே மாதிரி இருமுகிறார். தினமும் காலையில் உட்கார்த்தி வைத்துத் திருத்திக்கொண்டிருக்கிறேன், பாதியில் விட முடியாது.

நியமன உத்தரவைப் பற்றித் தாங்கள் கேட்பீர்கள். பத்திரமாக இருக்கிறது. பந்துகள் போன பின் பீரோவில் இடம் நிறைய இருப்பதால் அதில் வைத்துப் பூட்டி, சீட்டும் ஒட்டிவிட்டேன். சாவியை இந்த முறை கணபதிக்குப் பின்னால் வைக்கவில்லை. உரியவர் நேரில் வந்து கேட்டால் சரிபார்த்துத் தரப்படும். ஒன்று முதல் நான்கு வரை வர வேண்டாம்.