பன்னிரண்டாம் வளைவுத் தவளைகள்

புதிய உயிரினம் ஒன்றை உருவாக்க இயற்கைக்குப் பல லட்சம் ஆண்டுகள் பிடிக்கும். பாவம், அதற்கு நிர்வாகத் திறமை போதாது. திருவனந்தபுரத்துப் பல்லுயிர்ப் பாதுகாப்பு நிலையம் ஒன்றின் இயக்குநர் டாக்டர் வெங்கடேஸ்வரனோ அதே காரியத்தை வெள்ளிக்கிழமைக்குள் முடித்துத் தருவதாக மந்திரியிடம் வாக்குக் கொடுத்திருந்தார். ஃப்ளெக்ஸ் அடித்தாயிற்று. தவளை வடிவில் கேக்குக்கும் சொல்லியாயிற்று.

குறுக்கே நின்றவள் ஒப்பந்த ஆய்வாளர் பத்மஜா. பொன்முடி மலைச் சாலையில் பன்னிரண்டாம் வளைவுக்கு மேலே மஞ்சள் தவளை, கீழே பழுப்புத் தவளை. இரண்டு கூட்டமும் தலைமுறை தலைமுறையாகக் கலக்காமல் இருந்தால்தான் மரபணுக்கள் விலகிப்போய்த் தனித்தனி இனமாகும். பத்மஜா மழையில் நனைந்து, அட்டைகளுக்கு ரத்த தானம் செய்து, மரபணுச் சோதனையை முடித்திருந்தாள். வளைவிலேயே குடியிருந்த தவளைகளுக்குள் இரண்டு வீட்டு மரபணுவும் இருந்தது. நிறம்தான் வேறு, இனம் ஒன்றுதான்.

இயக்குநர் அந்த அறிக்கையைப் பெருந்தன்மையோடு ஓரமாகத் தள்ளிவைத்தார்.

“இந்த நடுத் தவளையெல்லாம் எப்போ பிடிச்சே?”

“ராத்திரி ஸார். தவளை அப்போதானே வெளியே வரும்.”

“நைட் டூட்டிக்கு சாங்ஷன் உண்டோ?”

“இல்லை ஸார்.”

“அப்போ அதெல்லாம் அனுமதியில்லாத தவளையாக்கும். லிஸ்ட்லேர்ந்து எடுத்துடு. மிச்சம் இருக்கறது சுத்தமா ரெண்டா நிக்கும், பாரு.”

“அதுகள் கலந்து பிள்ளையும் பெத்தாச்சு ஸார். இனிமே நாம எப்படிப் பிரிக்கறது?”

“சயின்ஸ்ல சென்டிமென்ட் கூடாதும்மா.”

புது இனத்துக்குப் பெயரும் தயாராக இருந்தது: ‘வெங்கடேஸ்வரனி’. தன் பெயரைத் தானே ஓர் உயிருக்குச் சூட்டுவது விஞ்ஞான உலகில் மரியாதைக் குறைவு. கூச்ச சுபாவம் கொண்ட இயக்குநர் ஆகவே அதைப் பத்மஜாவின் கையெழுத்தில் சூட்டிக்கொள்ள விரும்பினார். அவளுடைய வேலை நீட்டிப்பும் அந்தக் கையெழுத்துக்காகத்தான் காத்திருந்தது.  ஆனாலும் பத்மஜா பேனாவை எடுக்கவில்லை. பக்கத்து மேசை ரெஜி எடுத்தான்.

வெள்ளிக்கிழமை விழாவில் மந்திரி ஒரு கண் கேக்கிலும் ஒரு கண் மேடையிலுமாக, இந்த இரண்டு கூட்டத்தையும் பிரித்தது மலையா ஆறா என்று விசாரித்தார். இயக்குநர் தொண்டையைச் செருமுவதற்குள் பத்மஜா மைக்கைப் பிடுங்கிவிட்டாள்.

“மலையும் இல்லை, ஆறும் இல்லை ஸார். நடுவில இருந்த தவளையை எல்லாம் கணக்குலேர்ந்து எடுத்தாச்சு. எங்க டைரக்டர்தான் பிரிச்சார்.”

இளம் விஞ்ஞானிகளின் நகைச்சுவை உணர்வை மந்திரி மனமாரப் பாராட்டினார். அரங்கமே கைதட்டியது. கேக்கும் வெட்டப்பட்டது.

மத்தியானம் கேன்டீனில், தினமும் அவளோடு உட்கார்ந்து சாப்பிடுகிற ரெஜி தட்டைத் தூக்கிக்கொண்டு எழுந்தான்.

“சேச்சி, தப்பா நினைக்காதீங்க. எனக்கு அடுத்த மாசம் ரினியூவலாக்கும்.”

“போடா, போய் கேக் தின்னு,” என்றாள். சொல்லும்போது அழுகை வந்துவிட்டது.

ஒரு பக்கம் கேக் தின்றவர்கள், மறு பக்கம் பத்மஜா. ஒரே கூரை, ஒரே சாம்பார், கலப்பு மட்டும் அறவே இல்லை. ஆக, விஞ்ஞான முறைப்படி அங்கே அன்று உண்மையாகவே ஒரு புதிய இனம் தோன்றிவிட்டது: வாயில் உண்மை வருகிற இனம். சான்றுக்குக் கிடைத்தது ஒன்றே ஒன்று. பாதுகாப்பு நிலையமல்லவா, சாயங்காலம் ஆபீஸ் மூடுவதற்குள் ஒரு வேலைநீக்க உத்தரவில் அதையும் அழித்துவிட்டார்கள்.