மண்ணரசி ஸ்டுடியோவும் மூன்றாம் வேற்றுமையும்

ஒரு காட்டில், படிப்பை முடித்த பிறகும் உருப்படியான வேலைக்குப் போகாமல் மண்ணைப் பிசைந்துகொண்டு ஒரு குளவி இருந்தாள். பெயர் மண்ணரசி. 'உருப்படியான' என்ற சொல் அவள் சித்தியுடையது. அதைக் கேட்கும்போதெல்லாம் மண்ணரசிக்குக் கொடுக்கு துடிக்கும்.

மற்றக் குளவிகள் மண்ணெடுத்துக் கூடு கட்டின. மண்ணரசி கோப்பை செய்தாள். மண்ணை நூலாக இழுத்து, வளையம் வளையமாக அடுக்கி, பிடி ஒட்டி, நிழலில் உலர்த்தி, சூளையில் சுட்டு, நீலப் பூச்சு பூசி மறுபடியும் சுட்டாள். விலை, கோப்பைக்கு ஒரு கொழுத்த பச்சைப்புழு.

"மழைக்காலம் வரைக்கும்தான் உனக்கு டைம்," என்றாள் சித்தி. "அதுக்குள்ள இதுல உன் வயிறு நிறையலைன்னா கறையான் கம்பெனியில சேர்ந்துடணும். சித்தப்பா பேசி வெச்சிருக்கார். புத்துக்கு மண் சுமக்கிற வேலை. நீயும் மண்ணுதானே கேட்ட?"

மண்ணரசி சரியென்றாள். புளியமரப் பொந்தில் 'மண்ணரசி ஸ்டுடியோ' என்று பலகை மாட்டினாள். முதல் ஆளாகக் கரடி வந்தார். தலையைப் படிய வாரியிருந்தார். உள்ளே வந்து உட்கார்ந்து மூச்சைப் பிடித்துக்கொண்டார்.

"பாஸ்போர்ட் சைஸ். காது ரெண்டும் தெரியணுமாம்."

"இது போட்டோ ஸ்டுடியோ இல்லைங்க. கோப்பை செய்யற இடம்."

"கோப்பையா? எந்தப் போட்டியில ஜெயிச்ச?"

அடுத்து அதே மரத்துக் குரங்கு வந்தான். "நாம எல்லாம் ஒரே மரம், எனக்குச் சும்மா குடு. நாலு பேர்கிட்ட சொல்றேன்," என்றான். சொன்ன சொல் தவறவில்லை. சும்மா கொடுக்கிறாள் என்று நாலு பேரிடம் சொன்னான். நாலு பேரும் வந்தார்கள்.

மேகம் கறுக்கத் தொடங்கிய நேரத்தில்தான் முயல் பூங்காவனம் வந்து, நீலம் நன்றாயிருக்கிறது என்று ஒரு கோப்பை வாங்கிப் போனாள். வாங்கிய கையோடு குட்டி போட்டாள்.

குளவி மண் வைத்த வீட்டில் விசேஷம் என்று அந்தக் காட்டில் ஒரு நம்பிக்கை. குளவிகளைத் தவிர எல்லோருக்கும் அது உண்டு. பொழுது விடிவதற்குள் புளியமரத்தைச் சுற்றி வரிசை நின்றது. குழந்தையில்லாத மயில், பேரன் வேண்டுகிற மான், எதற்கும் இருக்கட்டும் என்று ஒரு ஆமை.

"பூங்காவனத்துக்குப் போன மாசமும் பிறந்தது, அதுக்கு முன் மாசமும் பிறந்தது. அப்பல்லாம் என் கோப்பை எங்க இருந்தது?" என்று மண்ணரசி வாதாடினாள்.

"கோப்பை வரப்போகுதுன்னு தெரிஞ்சு முன்னாடியே பிறந்திருக்கு," என்றது மயில். "சக்தியைப் பாரேன்."

கோப்பைகள் போயின. புழுக்கள் வந்தன. மண்ணரசி சாயங்காலம் ஆலமரப் பக்கம் போனாள். அவள் கோப்பைகள் எல்லாம் மஞ்சள் கயிற்றில் கிளைக்குக் கிளை தொட்டிலாகத் தொங்கின. விரல் வழுக்காமலும் சூடு தெரியாமலும் இருக்க அவள் திருத்தித் திருத்தி ஒட்டிய பிடிகளில் முடிச்சு போட்டிருந்தார்கள். ஒரு ஜீவன்கூட அதில் டீ குடிக்கவில்லை.

"வித்தா சரின்னு விடேன்," என்றாள் சித்தி.

"பொய் சொல்லி வித்துச் சாப்பிடறதுக்கு நான் ஏன் மண் பிசையணும்? வாயே போதுமே."

அன்றே புதுப் பலகை எழுதி மாட்டினாள்: 'இது டீ குடிக்கும் கோப்பை. இதனால் குட்டி பிறக்காது.'

வரிசை கலைந்தது. மயில் கொடுத்த புழுவைத் திருப்பிக் கேட்டு வாங்கிப் போனது. அடுத்த நாள் ஈ காக்கைகூட வரவில்லை. அதற்கடுத்த நாளும் இல்லை. முதல் தூறல் விழுந்தது. மண்ணரசி சூளையை அணைத்து, கறையான் கம்பெனிக்குப் போட்டுக்கொண்டு போக இறக்கையைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

வாசலில் சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தால், போன முறையைவிட நீளமான வரிசை. எலிகள், அணில்கள், பின்னால் ஒரு படையையே இழுத்துக்கொண்டு காட்டுப்பன்றி அங்காயி. முன்னால் பூங்காவனம்.

"நீதான் ஏற்கெனவே வாங்கிட்டியே அக்கா?"

"அது பழைய மாடல்," என்றாள் பூங்காவனம் மெதுவாக. "குட்டி பிறக்காதுன்னு போர்டு போட்டிருக்கியே, அது ஒண்ணு குடு. இல்ல, ரெண்டாவே குடு. எங்க வீட்டுக்காரர் கொஞ்சம் ஒரு மாதிரி."

மண்ணரசி தலையில் கை வைத்துக்கொண்டாள். "அக்கா, இதனால் பிறக்காதுன்னா, இதுக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்லைன்னு அர்த்தம்."

"அதான். பிறக்காது."

"அது மூன்றாம் வேற்றுமை. 'ஆல்' உருபு. கருவிப் பொருள்ல..."

"இந்தாம்மா," என்றாள் அங்காயி பின்னாலிருந்து, "எனக்கு இத்தனை பிள்ளைங்க இருக்கு. அதுங்களுக்குள்ள மூணாவது, நாலாவதுன்னு நான் எந்த வேற்றுமையும் பார்த்ததில்ல. எனக்கு ஒரு கோப்பை குடு."

மண்ணரசி பேசப் பேச அவர்கள் எடுத்துக்கொண்டே போனார்கள். எடுத்த இடத்தில் புழுவை வைத்தார்கள். சூளை மறுபடி எரிந்தது.

அடுத்த மாதம் பூங்காவனம் திரும்பி வந்தாள். இடுப்பில் ஒன்று, தோளில் ஒன்று, காதைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு மூன்று. பின்னால் மொத்த வரிசையும் வந்தது, இந்த முறை வாங்குவதற்கு இல்லை.

"ஏமாத்திட்டியேடி. இப்ப எல்லாப் புழுவையும் எண்ணி எடுத்து வை."

புழுக்களைத் தின்று எவ்வளவோ நாளாகிவிட்டது. தூறலோடு நின்றிருந்த மழையோ இரவோடு இரவாக இறங்கிவிடும். பின்வாசலில் சித்தி, சித்தப்பாவோடு நின்றுகொண்டிருந்தாள். மண்ணரசியிடம் வாதங்களுக்குப் பஞ்சமில்லை. எல்லாம் நாக்கு நுனிவரை வந்தன. அவள் முயலின் முகத்தைப் பார்த்தாள். பூங்காவனம் தூங்கி எத்தனை நாளாயிற்றோ.

"கோப்பையை என்னக்கா பண்ணின?"

"மஞ்சத் துணியில சுத்திப் பத்திரமா உள்ள வெச்சேன்."

"அதுல டீ குடிக்கலையா?"

"அதுல போய் யாராவது டீ குடிப்பாங்களா?"

மண்ணரசி வாதங்களை எல்லாம் விழுங்கினாள். தொண்டையில் நெருஞ்சிமுள்போல இறங்கின.

"குடிச்சாத்தான் வேலை செய்யும்," என்றாள். "ரெண்டு வேளை. சூடா. உட்கார்ந்து."

"உட்கார்ந்தா? அப்ப பிள்ளைங்களை யார் பார்க்கிறது?"

"வீட்டுக்காரர்தான் பார்க்கணும். இல்லைன்னா பலிக்காது. குடிச்ச கோப்பையை அவரேதான் கழுவணும். கோப்பையோட முறை அது."

வீட்டுக்காரர்கள் முணுமுணுத்தார்கள். ஆனால் கோப்பையின் முறை என்று இருக்கும்போது யார் என்ன செய்ய முடியும்? காலையிலும் மாலையிலும் பெண்கள் மர நிழலில் கால் நீட்டி உட்கார்ந்து டீ குடித்தார்கள், ஊர்வம்பு பேசினார்கள். ஆண் முயல்கள், எலிகள், பன்றிகள் எல்லாம் பிள்ளைகளின் பின்னால் ஓடின. ஓடி ஓடி, இருட்டுவதற்குள் போட்ட இடத்தில் குறட்டை விட்டுத் தூங்கின.

அந்தப் பருவத்தில் காட்டில் குட்டிகளே பிறக்கவில்லை.

கழுவத் தெரியாத வீட்டுக்காரர்கள் தினமும் ஒரு கோப்பையாவது உடைத்தார்கள். உடைந்ததற்கு மறுகோப்பை வாங்க அவர்களே விடியற்காலையில் புழுவோடு வந்து வரிசையில் நின்றார்கள். சித்தப்பா கறையான் கம்பெனியில் அந்த இடத்தைத் தன் மகனுக்குப் பேசி முடித்தார்.

நீதி: பிள்ளையைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொள்ளுங்கள் என்று வீட்டுக்காரரிடம் மனைவி சொன்னால் நடக்காது, கோப்பை சொன்னதாகச் சொன்னால் நடக்கும். கலையால் சமுதாயத்துக்கு என்ன பயன் என்று இனி யாரும் கேட்க வேண்டாம்.