பெரட்டு அண்ணன் கூப்பிடாத பேர்

கணினி படித்தவர்களை வரிசையாக நிற்க வைத்துப் பேர் கூப்பிட்டால்தான் அவர்கள் உருப்படுவார்கள் என்று நம்பும் மனிதர் இந்த உலகத்தில் ஒரே ஒருவர்தான் உண்டு. அவர் கினிகத்தேனையில் கணினி பழுது பார்க்கும் கடை வைத்திருக்கிறார். ஊரில் உள்ளவர்கள் பேரையெல்லாம் கூப்பிடும் அவருடைய சொந்தப் பேர் எங்களில் ஒருவருக்கும் தெரியாது. எங்களுக்குப் பெரட்டு அண்ணன். சிங்கள நண்பர்களுக்குப் பெரட்டு மாத்தியா, அதாவது பெரட்டு ஐயா.

தேயிலைத் தோட்டத்தில் பிறக்காதவர்களுக்காகச் சொல்கிறேன். காலையில் வேலைக்குப் போகுமுன் எல்லோரும் கூடி நிற்க, பேர் கூப்பிட்டு, யார் எந்த மலைக்கு என்று பிரித்துவிடுவதுதான் பெரட்டு. பேர் விழுந்தால் சம்பளம். பிந்தி வந்தால் அரைப் பேர், அதாவது பாதிச் சம்பளம். கூப்பிடவே இல்லையென்றால் அன்றைக்கு வேலை இல்லை, வீட்டைப் பார்த்துப் போக வேண்டியதுதான். அண்ணன் பல வருடங்கள் ஒரு தோட்டத்து ஆபீசில் கணினி கிளார்க்காக இருந்தவர். அவர் தோட்டத்தை விட்டு வந்துவிட்டார், பெரட்டு அவரை விட்டு வரவில்லை.

மாதத்தின் கடைசிச் சனிக்கிழமை நாலரை மணிக்கு, ஹட்டனில் டியூஷன் நடக்கும் ஒரு டியூட்டரியின் மாடியில் அவர் 'கணினித் துறையினர் மாலைச் சந்திப்பு' நடத்துவார். யாராவது ஒருவர் அரை மணி நேரம் பேசுவார். பிறகு தேநீர், பிறகு ஒருவரோடு ஒருவர் அறிமுகம். மற்ற ஊர்களிலும் இப்படித்தான் நடக்கும் என்று நினைக்கிறேன். ஆனால் மற்ற ஊர்களில் தொடக்கத்தில் எல்லோரையும் எழுப்பி நிறுத்திவிட்டு, தோட்டத்தில் பேர் பதியும் செக்ரோல் மாதிரி கோடு போட்ட நீளக் கொப்பியோடு ஒருவர் முன்னால் வந்து நிற்பாரா என்பது சந்தேகம்.

அந்தக் கொப்பியில் மூன்று நிரல்கள். பேர், ஊர், இந்த மாதம் கெடுத்தது. கடைசி நிரல் அவருடைய சொந்தக் கண்டுபிடிப்பு. திருத்தியதை எல்லோரும் சொல்வார்கள், கெடுத்ததைச் சொல்கிறவனிடம்தான் கற்றுக்கொள்ள முடியும் என்பார். கெடுத்ததைச் சொல்லாமல் ஒருவரும் உட்கார முடியாது.

யாழ்ப்பாணத்திலிருந்து மாற்றலாகி வந்த ஒரு தகவல் தொழில்நுட்ப ஆசிரியர் முதல் நாள் மிகவும் கோபப்பட்டார்.

"நான் ஒண்டும் கெடுக்கேல்லை. இருபது வருசமாப் படிப்பிக்கிறன்."

"அப்ப நில்லுங்க சார். ஞாபகம் வரும்."

பத்து நிமிடம் நின்றார். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு, "போன கிழமை ஒரு வகுப்பின்ரை மார்க்ஸ் முழுக்க அழிச்சுப்போட்டன். அதிபருக்கு இன்னும் தெரியாது" என்றார். அன்று மாலையே நாலு பேர் சேர்ந்து அதை மீட்டுக் கொடுத்தார்கள். அதற்குப் பிறகு அவர் ஒரு கூட்டத்தையும் தவறவிட்டதில்லை.

வங்கியில் நெட்வொர்க் பார்க்கும் ஒருவர் ஒரு நாள் பத்து நிமிடம் பிந்தி, கழுத்துப்பட்டியோடு வந்தார். அண்ணன் கொப்பியைப் பார்த்தபடியே, "அரைப் பேரு" என்றார்.

"அண்ணே, வேன் கிடைக்கலங்க."

"அரைப் பேருக்காரங்க கேள்வி கேக்கக்கூடாது. டீ மட்டும் முழுசா குடிக்கலாம்."

பேச வருகிறவர்களுக்கும் சலுகை கிடையாது. கடைசிப் பேருந்தை யாரும் தவறவிடக் கூடாது என்பதால் ஆறு மணிக்குக் கூட்டம் முடிந்தாக வேண்டும். கண்டியிலிருந்து வந்த ஒரு பெரியவர் செயற்கை நுண்ணறிவைப் பற்றி அழகாகப் பேசி, "ஆகவே உங்கள் வேலைகள் என்ன ஆகும் என்றால்..." என்று நிறுத்தி, ஒரு வாய் தண்ணீர் குடித்தார். அண்ணன் எழுந்துவிட்டார்.

"டைம் ஆச்சுங்க. வேலை போகுமா போகாதான்னு அடுத்த மாசம் வந்து சொல்லுங்க."

ஒரு மாதம் முழுக்க நாங்கள் அது தெரியாமலே வேலைக்குப் போய் வந்தோம்.

இனி என் கதைக்கு வருகிறேன். முதல் நாள் அண்ணன் "ஊரு?" என்று கேட்டபோது நான் "ஹட்டன் டவுன்" என்றேன். அது பொய். வட்டவளைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில், தொழிலாளர்களின் வரிசை வீடான லயத்தில் இருக்கிறவள் நான். இந்தப் பொய்யை நான் ஆசைப்பட்டுப் பழகவில்லை. அதற்கு முன் ஒரு கம்பெனி தொலைபேசியில் என்னை நேர்முகம் கண்டது. எல்லாம் நன்றாகப் போனது, விலாசம் கேட்கும் வரை. "லைன் ரூமா? அங்கே இன்டர்நெட் எல்லாம் இருக்கா?" என்று மிகவும் மரியாதையாகக் கேட்டார்கள். கூப்பிடுகிறோம் என்றார்கள், கூப்பிடவில்லை. அடுத்த கம்பெனியின் கடிதம் தோட்டத்து ஆபீசில் கிடந்து, நேர்முக நாள் முடிந்து ஒன்பதாம் நாள் என் கைக்கு வந்தது. அன்றோடு நான் டிசைனராக வேலை பார்த்த ஹட்டன் அச்சகத்தின் விலாசத்தையே என் விலாசமாக்கிக் கொண்டேன். மூன்று வருடம் ஒவ்வொரு பெரட்டிலும் ஹட்டன் டவுன்தான்.

அந்த அச்சகத்தை மாதக் கடைசியோடு மூடப் போவதாக முதலாளி சொன்னார். அம்மாவுக்கு முட்டி வலி, இனி மலை ஏற முடியாது. வீட்டில் சம்பளம் வாங்குகிறவள் நான் ஒருத்திதான். அந்த நேரம் பார்த்துக் கொழும்புக் கம்பெனி ஒன்றின் முகாமையாளர் எங்கள் சந்திப்புக்குப் பேச வருவதாகவும், வீட்டிலிருந்தே வேலை செய்ய ஒரு டிசைனரை எடுக்கப் போவதாகவும் செய்தி வந்தது. என்னிடம் இருந்த ஒரே நல்ல சல்வாரை இரண்டு தடவை இஸ்திரி போட்டேன்.

அன்று முகாமையாளரையும் வரிசையில் நிறுத்தினார் அண்ணன். அந்த மனிதர் சிரித்துக்கொண்டே, "ஒரு ஹோட்டலோட புக்கிங் முழுக்க அழிச்சேன்" என்று ஒப்புக்கொண்டார். பிறகு பேர்கள் வரிசையாக வந்தன. கொப்பியில் என் பேர் பதினொன்றாவது. பத்தாவது பேரைக் கூப்பிட்டார். அடுத்துப் பன்னிரண்டாவது பேரைக் கூப்பிட்டார்.

என் பொய் தெரிந்துவிட்டது, கொழும்புக்காரர் முன்னால் எனக்கு வேலை இல்லை என்று சொல்லிவிட்டார் என்றுதான் நினைத்தேன். பெரட்டில் பேர் விடுபடுவதற்கு எங்களுக்குத் தெரிந்த அர்த்தம் அது ஒன்றுதானே. முப்பது வருட வேலையில் அம்மாவை ஒரே ஒரு நாள் கூப்பிடாமல் விட்ட கணக்கப்பிள்ளையை அவள் இன்றைக்கும் திட்டிக்கொண்டிருக்கிறாள். அந்த ரத்தம்தானே எனக்கும்.

"அண்ணே, என் பேரு விட்டுப்போச்சு."

"இருக்கட்டும் தங்கச்சி. அப்புறம் பாத்துக்கலாம்."

"நானும் டயத்துக்குத்தான் வந்தேன். கூப்பிடுங்க."

"சொன்னா கேளுங்க தங்கச்சி." அவர் குரல் கெஞ்சியது. எனக்கு இருந்த கோபத்தில் அது காதில் ஏறவில்லை.

"கூப்பிடுங்கண்ணே!"

கூப்பிட்டார். "ஊரு?" என்று கேட்டது அவருக்கே கேட்டிருக்காது.

"வட்டவளைங்க. தோட்டத்துல மேல் டிவிசன். அஞ்சாம் லயம், மூணாவது காம்பரா."

அவர் பேனாவை எடுத்து நிதானமாக எழுதினார்.

"இந்த மாசம் கெடுத்தது?"

"மூணு வருசமா ஊர மாத்திச் சொன்னேன். உங்க கொப்பியக் கெடுத்தது நாந்தாங்க."

முகாமையாளர் முழுதாக என் பக்கம் திரும்பினார். "லைன் ரூம்ல இருந்தா வேலை செய்றீங்க? சிக்னல் எப்படி?"

இனி மறைக்க என்ன இருக்கிறது? சொன்னேன். அடுப்படி ஜன்னல் பக்கம் மட்டும்தான் சிக்னல் வரும், அதனால் என் மேசை அடுப்புக்குப் பக்கத்தில். இன்டர்நெட் டொங்கிளைச் சாப்பாட்டுப் பெட்டியில் வைத்துக் கூரையில் கட்டியிருக்கிறேன், மழைக்கு அது தாங்கும். கரண்ட் போனால் பற்றரி இரண்டு மணி நேரம். அச்சக வேலை போக, வீட்டிலிருந்து வெளிநாட்டு ஆட்களுக்கும் டிசைன் செய்கிறேன்; அம்மா ரொட்டி சுடுகிற புகையில் இருமிக்கொண்டே அவர்களோடு பேசியிருக்கிறேன், இதுவரை ஒரு வேலையும் பிந்தியதில்லை. அவர் எதையோ குறித்துக்கொண்டு, "அடுத்த கிழமை பேசுறேன்" என்றார். இந்த வாசகத்தை நான் முன்பே கேட்டிருக்கிறேன்.

பேருந்து நிலையத்தில் அண்ணனைப் பிடித்துக்கொண்டேன். "ஏண்ணே என்னைய விட்டீங்க?"

"நேத்தே அந்தாளு போன் பண்ணிட்டாரு. எடுக்குற ஆளோட வீட்டுக்கு நாளைக்கே போயி லைன் எப்படின்னு பாக்கணும்னாரு. நீங்க ஹட்டன் டவுன்னு சொல்லிட்டா எந்த வீட்டக் காட்டுவீங்க? கூப்பிடாம விட்டா பொய் சொல்ற வேலை இல்லேல்ல. அப்புறமா தனியா பேசிக்கலாம்னு நெனச்சேன்."

"நான் ஹட்டன் இல்லன்னு ஒங்களுக்கு எப்படித் தெரியும்?"

"ஏன் தங்கச்சி, கினிகத்தேனை பஸ்சு வட்டவளை வழியாத்தானே போகுது? கடைசி சீட்ல நான் ஒக்காந்திருக்கேன். நீங்க எறங்குறது எனக்குத் தெரியாதா? ஒருக்கா கேட்டப்ப சித்தி வீட்டுக்குன்னீங்க. மூணு வருசமாவா ஒரு சித்தி வீட்டுக்குப் போவாங்க?"

கொப்பியை விரித்துக் காட்டினார். அன்றைய பக்கம் தவிர, மூன்று வருடப் பக்கங்களிலும் என் பேருக்கு நேரே ஊர் நிரல் வெறுமையாக இருந்தது.

"பொய்ய எழுத மனசு வரல. நீங்களா சொல்ற அன்னைக்கு எழுதிக்கலாம்னு விட்டுட்டேன்."

நான் அங்கேயே அழ ஆரம்பித்துவிட்டேன். இத்தனை பேர் நடுவில் ஒரு பெண் அழுதால் ஆறுதல் சொல்வது உலக வழக்கம். அண்ணன், "அழுதா பஸ்சு நிக்காதுங்க, ஏறுங்க" என்றார்.

அடுத்த கிழமை என்ற முகாமையாளர் மறுநாள் காலையிலேயே லயத்துக்கு வந்தார். கூரையில் இருந்த சாப்பாட்டுப் பெட்டியை அண்ணாந்து பார்த்தார், அடுப்பு மேசையில் உட்கார்ந்து ஒரு மணி நேரம் தன் வேலையைச் செய்து பார்த்தார், அம்மாவின் ரொட்டியை இரண்டு தின்றார். மூன்று மாதம் பார்க்கலாம் என்றார். இப்போது நாலு வருடம் ஆகிறது. அம்மா மலைக்குப் போவதில்லை.

இதற்காக அண்ணனுக்கு நன்றி சொல்ல நான் பலமுறை முயன்றுவிட்டேன். ஒவ்வொரு தடவையும் கடிகாரத்தைப் பார்த்து, டைம் ஆச்சு என்று கிளம்பிவிடுகிறார். அதனால்தான் இதை எழுதுகிறேன், பத்திரிகையில் குறுக்கே பேச அவரால் முடியாது. அண்ணே, ஒங்கள எனக்கு ரொம்பப் புடிக்கும்.